வலி எவ்வளவு என்று கேளுங்கள்

(செவிலியர் தினத்தை ஒட்டி நம் கிளப் ஹவுஸில் நடந்த கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு தூங்கப் போகாமல் சிலர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர்களுக்குத் தனி வணக்கம்.

செவிலியரின் கருணையைப் பற்றிப் பேசச் சொன்னார் நம் செயலாளர். மேடையில் எங்களைத் தேவதை என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முற்றிய புற்றுநோயோடு படுத்திருப்பவருக்கு வேண்டியது, ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் என்ன செய்வது என்று தெரிந்த ஒரு ஆள். அந்த வேலையைத்தான் நான் பல வருஷமாகச் செய்கிறேன். அதில் பாதியை நீங்களும் வீட்டில் செய்யலாம், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நாங்கள் முதலில் கேட்பது, "வலி எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்." நம் ஊர் அம்மாக்கள் எண் சொல்ல மாட்டார்கள். "பரவாயில்லைம்மா" என்பார்கள். பிள்ளை இப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருக்கிறான், அவனிடம் என்ன சொல்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். அதனால் முகத்தைப் பார்ப்போம், போர்வையைப் பிடித்திருக்கும் கையைப் பார்ப்போம், ராத்திரி தூங்கினாரா என்று கேட்போம். நீங்களும் அப்படியே பாருங்கள்.

அடுத்தது நாற்றம். யாரும் பேசத் தயங்கும் விஷயம். மார்பிலோ வாயிலோ புண் உடைந்தால் வாடை வரும். வாடை வந்தால் கதவு மூடப்படும், கதவு மூடினால் அந்த மனுஷி தனியாகிவிடுவார். மூக்கைப் பொத்தாமல் அந்தப் புண்ணைக் கழுவுவதுதான் எங்கள் வேலை. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடியாக்கி, மருத்துவர் சொன்னபடி புண்ணில் தூவுவோம். விலை குறைந்த மாத்திரைதான். வாடை குறைந்ததும் பேரப்பிள்ளைகள் கட்டில் பக்கம் வந்து உட்காருவார்கள். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சிகிச்சைமுறைக்கு இன்றைய வடிவம் கொடுத்தவரே ஒரு செவிலியர்தான். லண்டனைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். முதுகுவலியால் செவிலியர் வேலையைத் தொடர முடியாமல், மருத்துவமனையில் சமூகப் பணியாளராகச் சேர்ந்தார். அங்கே டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி, உறவென்று யாரும் இல்லாமல், புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தார். சாண்டர்ஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார், கேட்டார். 1948-இல் இறந்தபோது டாஸ்மா தன்னிடமிருந்த 500 பவுண்டை அவருக்கு எழுதிவைத்தார். சாண்டர்ஸ் அதன்பிறகு மருத்துவமே படித்து, 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்தார். வலி உடம்பில் மட்டும் இல்லை. மனசு, குடும்பம், பணம், சாமி மேல் கோபம் எல்லாம் சேர்ந்த முழு வலி என்றார். ஒரகடத்தில் அதை விளக்கவே வேண்டாம். காண்ட்ராக்ட் வேலையில் இருக்கும் மகன் லீவு போட்டால் அன்றைய சம்பளம் இல்லை. படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கு அதுவும் வலிக்கிறது.

மார்ஃபினுக்கு வருகிறேன். பெயரைக் கேட்டாலே, "பழகிப்போயிடும் சிஸ்டர், வேண்டாம்" என்பார்கள். மருத்துவர் சொன்ன அளவில், புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும்போது அப்படிப் பயப்படத் தேவையில்லை. சாதாரண மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திருக்காமல், கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். முன்பு மருத்துவமனைகள் இதை வாங்கிவைக்கப் பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள். சட்டம் மாறியும் நம் பயம் மாறவில்லை.

இன்னொன்று. வார்டுக்கு வெளியே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு எதுவும் தெரியக்கூடாது" என்று பிள்ளைகள் சொல்வார்கள். உள்ளே போனால் அம்மா, "பசங்களுக்குத் தெரியவேண்டாம், எனக்கு இது நல்லதாகாது" என்பார். நான் எதையும் போட்டு உடைக்க மாட்டேன், பொய்யும் சொல்ல மாட்டேன். "உங்களுக்கு என்னன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். பேச வேண்டியதை அவரே பேசுவார்.

கடைசி நாட்களில் சாப்பாடு குறையும். ஊட்டாவிட்டால் பாவம் என்று வாயில் திணிக்காதீர்கள், புரையேறும். ஈரத்துணியால் உதட்டை நனைத்தால் போதும்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எல்லாருக்கும் தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியபோது அங்கே 12 படுக்கைகள்தான். நமக்கு இன்னும் பக்கம், இதே பெங்களூரு நெடுஞ்சாலை வழியில், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை. புற்றுநோயால் 1969-இல் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரில், அவர் சொந்த ஊரிலேயே இருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தச் சிகிச்சைக்கான செவிலியர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். அபார்ட்மென்ட்காரர்கள் இதெல்லாம் கிராமத்துக்கு என்று நினைக்கிறார்கள். 104-க்கு அடித்தும் கேட்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். லிஃப்டில் பார்த்து, "எந்த ஸ்டேஜ்?" என்று கேட்காதீர்கள். முள்சீத்தா, சோடா உப்பு வீடியோவை அனுப்பாதீர்கள். இது ஒட்டுவியாதி இல்லை, அவர்கள் வீட்டு டம்ளரில் காபி குடிக்கலாம். கணவர் பி ஷிஃப்டில் இருக்க, மாமியாரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம், "நாளைக்கு மூணு மணியிலிருந்து அஞ்சு வரைக்கும் நான் உட்கார்ந்திருக்கேன், நீ தூங்கும்மா" என்று மணி குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "எதாவது வேணும்னா கூப்பிடு" என்றால் அந்தப் பெண் கூப்பிடவே மாட்டாள்.

சங்கத்துக்கும் ஒன்று. நம் பி பிளாக் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் இறக்க வேண்டும். சங்கப் பணத்தில் ஒரு வீல்சேரும் ஒரு காற்றுப் படுக்கையும் வாங்கி செக்யூரிட்டி அறையில் வைக்க முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று, விருப்பமுள்ளவர்களுக்கு நான் செய்துகாட்டுகிறேன். டீ வந்துவிட்டது. பெயர் கொடுப்பவர்கள் அங்கேயே கொடுங்கள்.