கடைக்கோடி வயலுக்கும் வாய்க்கால் வேண்டும்

(மன்னாரில் பெற்றோரும் ஆசிரியரும், கமக்காரரும் கடற்றொழிலாளரும் கூடிய கூட்டமொன்றிலே, சட்டத்தரணியும் அரசியல் தொண்டருமாகிய அன்பர் ஒருவர் ஆற்றிய உரை.)

  

பல்கலைக்கழகப் பிரவேசத்தைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கின்றீர்கள். தமிழ் அரசியல் மேடைகளிலே இது பழைய விடயம். தரப்படுத்தல் என்ற சொல்லை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நாட்டில் இல்லை. ஆனால் அந்தப் பழைய விடயத்திலே, மன்னாரின் கரையோரத்துப் பிள்ளையைப் பற்றி நாம் பேசாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அதையே இன்று பேச விரும்புகின்றேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுபடுத்துகின்றேன். 1971ஆம் ஆண்டுப் பிரவேசத்திலே, மருத்துவ பீடத்தினுள் நுழைவதற்குச் சிங்கள மொழி மூலம் பரீட்சை எழுதிய மாணவனுக்கு 400 புள்ளிகளில் 229 போதுமென்றும், தமிழ் மொழி மூலம் எழுதிய மாணவனுக்கு 250 வேண்டுமென்றும் வைத்தார்கள். எழுதிய மொழியைக் கொண்டு மாணவனை நிறுத்துப் பார்த்த அந்தச் செயல் அநீதியானது. அதை அன்றும் எதிர்த்தோம். இன்றும் அநீதி என்றே சொல்வோம்.

அதன் பின்னர், 1974இல், மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் இடமிழந்தனர். அதே ஒதுக்கீட்டினால், அதுவரை பல்கலைக்கழகத்தை எட்டிப் பார்க்காத பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகள் சிலர் உள்ளே நுழைந்தனர். மன்னாரும் அத்தகைய மாவட்டங்களுள் ஒன்று. யாழ்ப்பாணத்தின் இழப்பைப் பற்றி ஆயிரம் கூட்டங்களிலே பேசிய நாம், மன்னாரின் நிலையைப் பற்றி எத்தனை கூட்டங்களிலே பேசினோம்? நானும் அரசியல் செய்கின்றவன். ஆகவே இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டே மேலே பேசுகின்றேன்.

இன்றைய முறை யாது? நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி வழங்கப்படுகின்றன. 55 இடங்கள் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைப்படி பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 இடங்கள் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு உரியன. அவற்றுள் மன்னாரும் அடங்கும். இவ்வகை ஒதுக்கீடு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை தருகின்ற சமத்துவ உரிமைக்கு முரணானதன்று என்று உயர் நீதிமன்றம் 1980இல், செனவிரத்ன என்பார் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கிலே தீர்ப்பளித்தது. ஆகவே சட்டம் நமக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கின்றது.

அந்தக் கதவின் அகலத்தைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் மக்கள் தொகை 2 கோடியே 3 இலட்சம்; மன்னார் மாவட்டத்தின் மக்கள் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். அதாவது இந்நாட்டில் இருநூறு பேருக்கு ஒருவர் மன்னாரார். ஒரு துறையிலே ஆயிரம் இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டப் பங்காக வருவன 550. அவற்றில் இருநூறில் ஒரு பங்கு என்றால், மூன்று இடங்கள்கூட முழுமையாக இல்லை! பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50 இடங்களையும் பதினாறு மாவட்டங்கள் பங்கிட வேண்டும். ஒதுக்கீடு இருக்கின்றது, பிள்ளைகள் தாமாகவே போய்விடுவார்கள் என்று உறங்குவோருக்கு இந்தக் கணக்கே விடையாகும்.

இதனினும் முக்கியமான விடயம் ஒன்று உண்டு. கமக்காரர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். கட்டுக்கரைக் குளம் நிரம்பி வழிந்தாலும், வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைக்கோடி வயலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. குளத்து நீர் கணக்கிலே அந்த வயலுக்கும் பங்கு எழுதப்பட்டிருக்கும், பயிரோ கருகிப்போயிருக்கும். மாவட்ட ஒதுக்கீட்டின் நிலையும் இதுவே. அது மாவட்டத்துக்குத் தரப்பட்டது. மன்னார் நகரப் பகுதி, முசலி, நானாட்டான், மாந்தை மேற்கு, மடு என்ற ஐந்து பிரதேசங்களும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றன. பட்டினத்திலே ஆய்வுகூடமும் தனியார் வகுப்பும் அருகிலிருக்கப் படிக்கின்ற பிள்ளையும், முசலியின் கரையோரக் கிராமத்துப் பிள்ளையும் அதே மூன்று இடங்களுக்காகவே போட்டியிடுகின்றனர்.

பாடசாலைகளின் தரம் பிரிக்கப்பட்டிருக்கும் முறையையும் பாருங்கள். 1ஏபி எனப்படும் பாடசாலையிலேதான் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் நடக்கும். 1சி பாடசாலையிலே உயர்தரம் உண்டு. ஆனால் கலையும் வர்த்தகமுமே உண்டு. இரண்டாம் வகைப் பாடசாலை பதினோராம் தரத்தோடு நின்றுவிடும். கிராமத்துப் பிள்ளை எதைப் படிக்கும்? அருகிலே எது இருக்கின்றதோ அதைத்தான் படிக்கும். அநேகமாகக் கலைப் பிரிவு. கலைப் பாடங்களை மட்டுமே தகுதியாகக் கொண்ட படிப்புகளுக்கோ மாவட்ட ஒதுக்கீடு கிடையாது. அங்கே அகில இலங்கைத் திறமை வரிசை ஒன்றே அளவுகோல்!

இந்த விசித்திரத்தை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மருத்துவம், பொறியியல், விவசாயம் ஆகிய துறைகளிலே பின்தங்கிய மாவட்டத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கின்றார்கள். அந்தத் துறைகளுக்குப் போகும் பாடங்கள் நம் கிராமத்துப் பாடசாலையில் இல்லை. நம் கிராமத்துப் பாடசாலையில் இருக்கின்ற பாடத்துக்கோ ஒதுக்கீடு இல்லை. சலுகை பெறுகின்ற மாவட்டத்திலே பிறந்தும், அந்தச் சலுகையின் நிழல்கூடப் படாமல் வளர்கின்றான் நம் பிள்ளை.

என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதியுங்கள். 1990களிலே, போர்க் காலத்தில், அகதி முகாமொன்றின் கொட்டிலிலே படித்தவன் நான். என்னோடு ஒரே பாயிலிருந்து படித்த நண்பன் ஒருவன் இருந்தான். கரும்பலகையில் ஆசிரியர் கணக்கை எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவான். சாதாரண தரத்தில் கணிதத்தில் அதிதிறமைச் சித்தி பெற்றான். ஆனால் அவனுக்கு இரசாயனம் சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இல்லை. விஞ்ஞானம் படிக்க எங்கே போவது, எங்கே தங்குவது என்று சொல்ல ஆளுமில்லை. அவனுடைய தகப்பனார் என்னிடம், “தம்பி, இவன் படிக்கக்கூடியவன் எண்டு எல்லாரும் சொல்லுகினம். எங்க கொண்டுபோய் விடுறது எண்டுதான் ஒருத்தரும் சொல்லேல்லை” என்றார். நண்பன் தகப்பனாரோடு வள்ளத்தில் ஏறினான். கடற்றொழில் தாழ்ந்ததென்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: அவன் கடலைத் தேர்ந்தானா, அல்லது வேறு வழியின்றிக் கடல் அவனுக்கு வாய்த்ததா?

எங்கே கொண்டுபோய் விடுவது என்ற அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு விடை சொல்வதே நம் கடமை.

இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் இலவசக் கல்வியை மட்டும் தரவில்லை. இலவசக் கல்வி நகரத்துப் பாடசாலைகளிலேயே தேங்கிவிடும் என்பதை உணர்ந்து, நாட்டுப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்களை அமைத்தார். ஐந்தாம் வகுப்பிலே பரீட்சை வைத்துத் தெரிந்தெடுத்த ஏழைப் பிள்ளைகளை விடுதியிலே தங்கிப் படிக்க வைத்தார். உரிமையைச் சட்டத்தில் எழுதியதோடு, அந்த உரிமைவரை பிள்ளை வந்து சேர வழியும் செய்தார்.

கடல் கடந்தும் ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த லிண்டன் ஜோன்சன், 1928இல் டெக்சாசு மாநிலத்தின் கொட்டுல்லா என்ற சிற்றூரிலே, மெக்சிக்க வம்சத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர். அவர் ஆட்சியிலே 1964இல் இயற்றப்பட்ட பொருளாதார வாய்ப்புச் சட்டத்தின்கீழ் ‘அப்வார்ட் பவுண்ட்’ என்ற திட்டம் பிறந்தது. பல்கலைக்கழகத்தின் வாசலையே காணாத குடும்பங்களின் பிள்ளைகளை, உயர்பள்ளியில் படிக்கும்போதே தேடிப்பிடித்து, பாடசாலை நடக்கும் காலத்தில் மேலதிக வகுப்பும், கோடை விடுமுறையில் பல்கலைக்கழக வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் வாய்ப்பும் கொடுத்தார்கள். கறுப்பின மக்கள், மெக்சிக்க வம்சத்தவர், செவ்விந்தியர், ஏழை வெள்ளையர் ஆகியோரின் பிள்ளைகள் இதனால் பயன் பெற்றனர். அத்திட்டம் ஆறு தசாப்தங்கள் தாண்டி நிலைத்தது.

மன்னாரிலே நாம் செய்யக்கூடியது என்ன? நான்கு காரியங்களை உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலாவது, வேலை ஒன்பதாம் தரத்திலே தொடங்க வேண்டும். உயர்தரப் பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கையில் வகுப்பு வைப்பது, கதிர் வாடிய பின் உரமிடுவதைப் போன்றது. சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் தவறினால் விஞ்ஞானப் பிரிவின் வாசல் அடைபட்டுவிடும். தலைமன்னார், பேசாலை, வங்காலை, விடத்தல்தீவு, சிலாவத்துறை, முருங்கன், அடம்பன் ஆகிய இடங்களிலே ஒவ்வொரு வாரமும் கணித, விஞ்ஞான வகுப்பு நடக்கட்டும். வெள்ளியன்று தொழுகைக்கும் ஞாயிறன்று பூசைக்கும் போகின்ற பிள்ளைகள் ஒன்றாக இருந்து படிக்கச் சனிக்கிழமை உகந்த நாள்.

இரண்டாவது, விடுதி. 1ஏபி பாடசாலைக்கு அருகிலே, தூரக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு, சிறப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும். தொழிற்காலத்திலே தாய் தகப்பன் வாடி கட்டிக் கரை மாறிப் போகும்போது பிள்ளையின் படிப்பு முறிகின்றது. விடுதி இருந்தால் முறியாது. கமக்காரர் சங்கமும் கடற்றொழிலாளர் சங்கமும் மனம் வைத்தால் அரிசிக்கும் மீனுக்கும் அங்கே பஞ்சம் வருமா?

மூன்றாவது, பல்கலைக்கழகத்தைப் பிள்ளைகளின் கண்ணுக்குக் காட்ட வேண்டும். 1974இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் நமக்கு எண்பது கிலோமீற்றர் அளவில் இருக்கின்றது. ஆகஸ்டு, டிசம்பர் விடுமுறைகளிலே நம் மாணவரை அங்கே தங்க வைத்து, ஆய்வுகூடத்தில் கைபழக்கிவிடுமாறு அவற்றின் நிருவாகத்தைக் கேட்போம். அங்கே படிக்கின்ற மன்னார் மாணவரே இவர்களுக்கு முதல் ஆசிரியராகட்டும்.

நான்காவது, ஆங்கிலம். தமிழிலே உயர்தரம் எழுதிய பிள்ளை, மருத்துவ, பொறியியல் பீடங்களிலே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கின்றது. திறமையோடு உள்ளே போனவர்களும் முதலாண்டில் தடுமாறுவது இதனாலேயே. பரீட்சை எழுதிய நாளுக்கும் பல்கலைக்கழகம் சேரும் நாளுக்கும் இடையிலே பல மாதங்கள் வீணே கழிகின்றன. அந்த மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுப்போம்.

இவற்றை நாம் செய்வதனால் அரசாங்கத்தின் பொறுப்பு நீங்கிவிடாது. கல்வியின் எல்லா மட்டங்களிலும் யாவருக்கும் சமவாய்ப்பு என்பதை அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை அரசின் குறிக்கோளாக விதித்திருக்கின்றது. அதை நீதிமன்றத்தில் வழக்கிட்டுப் பெற முடியாது என்று 29ஆம் உறுப்புரை கூறுவதையும் ஒரு சட்டத்தரணியாக உங்களுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். வழக்கிட முடியாததை வாக்கினாலும் அமைப்பினாலும் பெறவேண்டும். ஒவ்வொரு பிரதேசத்திலும் விஞ்ஞான, கணித உயர்தரம் நடக்க வேண்டும். நியமிக்கப்பட்ட ஆசிரியர் இடமாற்றம் பெற்று ஓடாதபடி அவருக்குத் தங்குமிடம் கொடுக்க வேண்டும். மாவட்டத்துக்குள்ளேயும் வசதி குறைந்த பாடசாலைப் பிள்ளைக்குத் தனிக் கவனம் வேண்டும். இந்தக் கோரிக்கைகளை அடுத்த தேர்தலில் உங்கள் வாசலுக்கு வருகின்ற ஒவ்வொருவரிடமும், என் கட்சியினர் உட்பட, கேளுங்கள்.

பெரியோர்களே! 1990இலே மன்னாரின் முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்டனர். முசலியிலும் எருக்கலம்பிட்டியிலும் வாழ்ந்தவர்கள் புத்தளத்திலே அகதிகளாயினர்; அவர்களின் பிள்ளைகளுடைய படிப்பு இரண்டு மாவட்டங்களுக்கிடையே சிதறியது. கத்தோலிக்கரும் சைவரும் மடுவிலும் இந்திய முகாம்களிலும் சிதறினர். மலையகத்திலிருந்து வன்செயலுக்குத் தப்பி வன்னியில் குடியேறியவர்களின் பிள்ளைகளும் நம்மிடையே இருக்கின்றனர். இவர்கள் எல்லோரும் தமிழ் பேசும் பிள்ளைகள். ஒருவருக்கு வகுப்பு வைத்து மற்றவரை வெளியே நிறுத்துவோமாயின், 1971இல் நமக்குச் செய்யப்பட்டதையே நாமும் செய்தவர்களாவோம்.

இன்று இந்தக் கூட்டம் கலையுமுன் ஒரே ஒரு காரியத்தைச் செய்வோம். ஒவ்வொரு கிராமத்தாரும், தங்கள் கிராமத்திலே ஒன்பதாம் தரத்தில் படிக்கின்ற பிள்ளைகள் எத்தனை பேர், கணிதத்தில் ஆர்வமுள்ளோர் எத்தனை பேர், அருகிலுள்ள விஞ்ஞானப் பாடசாலை எத்தனை மைல் என்பதை எழுதிக் கொடுங்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த கூட்டத்தைக் கூட்டுவோம். என் நண்பனின் தகப்பனாருக்கு அன்று ஒருவரும் விடை சொல்லவில்லை. இன்று அதே கேள்வியோடு வருகின்ற தகப்பனாருக்கு, “இங்கே கொண்டுவந்து விடுங்கள் அண்ணை” என்று சொல்ல நமக்கு ஓர் இடம் வேண்டும்.