கல்லட்டி ஏற்றமும் ரேடியேட்டர் விசிறியும்

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் தொடங்கும் பயணம் ஊட்டியில் 2,240 மீட்டரைத் தொடுகிறது. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் எஞ்சின் திணறி உழைக்கும்; வண்டி மெதுவாக ஊர்வதால் எதிர்க்காற்று ரேடியேட்டரில் போதுமான அளவு மோதாது. மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது. ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கார் தாக்குப்பிடிக்கிறது. மிச்சப் பொறுப்பு முழுவதும் விசிறியுடையது. அந்த விசிறி எஞ்சினின் வேகத்துக்குக் கட்டுப்படுவதை நிறுத்தி, தண்ணீரின் சூட்டுக்குக் கட்டுப்படத் தொடங்கியதுதான் மலைப்பாதையில் கார் பெற்ற பெரிய முன்னேற்றம் என்பது என் வாதம். அதைச் சாதித்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தெர்மோ சுவிட்ச்.

பழைய அம்பாசிடர் காரில் விசிறியைச் சுழற்றியது எஞ்சின் பெல்ட். ஏற்றத்தில் சின்ன கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது விசிறியும் வேகமாகத்தானே சுற்றும், அதில் என்ன குறை என்று கேட்கலாம். ஏறிக்கொண்டே இருக்கும்வரை அது சரி. எதிரே லாரி இறங்க வழிவிட்டோ, யானை கடக்கக் காத்தோ வளைவில் நிற்கும்போது எஞ்சின் ஐடிலுக்கு இறங்கும், விசிறியும் சோர்ந்துவிடும். ஏறிவந்த சூடு மட்டும் அப்படியே இருக்கும். சமவெளியில் இதற்கு நேர்மாறு: எதிர்க்காற்றே போதும் என்கிற வேகத்தில் விசிறி வீணாகச் சக்தியை உறிஞ்சும். விசிறியின் வேகம் இரட்டித்தால் அதைச் சுழற்ற எட்டு மடங்கு சக்தி வேண்டும்.

விசிறி பெல்ட்டை விட்டு மாறியதற்குக் காரணம் மலை அல்ல. எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை ஓட்டும் கார்களில் எஞ்சினின் முனை பக்கவாட்டில் திரும்பிவிட்டது. முன்னால் நிற்கும் ரேடியேட்டருக்கு நேராகப் பெல்ட் விசிறியை வைக்க வழியில்லை. 1969இல் வந்த ஃபியட் 128 இதற்கு மின்விசிறியும் தெர்மோ சுவிட்சும் வைத்தது. நம் சாலைகளில் இந்த ஏற்பாட்டைப் பரவலாக்கியது 1983இல் வந்த மாருதி 800. சுவிட்சுக்குள் இருக்கும் உத்தி இன்னும் பழையது: வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு. 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் கப்பல் கடிகாரத்தில் கையாண்ட அதே உத்தி. சூட்டில் தகடு வளைந்து மின்சுற்றைச் சேர்க்கும். 92 டிகிரியில் சேர்ந்து 87இல் பிரியும் சுவிட்சுகள் சாதாரணம். இந்த இடைவெளி இல்லாவிட்டால் விசிறி ஓயாமல் ஓடுவதும் நிற்பதுமாகவே இருக்கும்.

சுவிட்ச் கெட்டால் விசிறியே ஓடாதே என்பது மெக்கானிக்குகளின் நியாயமான ஆட்சேபம். தண்ணீர் ஒழுகி மட்டம் இறங்கினால், சுவிட்சின் முனை காற்றில் நின்று சூட்டைச் சரியாக உணராமலும் போகலாம். அதனால்தான் பலர் இரண்டு ஒயரையும் சேர்த்து விசிறியை ‘டைரக்ட்’ செய்துவிடுவார்கள். வழியில் மாட்டிக்கொண்டவருக்கு அது நல்ல உதவி. ஆனால் அதையே நிரந்தரமாக விட்டால், மோட்டார் சீக்கிரம் தேயும்; குறை மறைந்தே இருக்கும். பிற்காலக் கார்களில் சுவிட்சின் இடத்துக்கு சென்சாரும் கணினியும் வந்தன. சென்சாரின் இணைப்பு அறுந்தால் பல கார்களில் கணினி விசிறியை ஓடவிட்டுவிடும். ஆட்சேபத்தின் பெரும்பகுதி அங்கே தீர்ந்தது.

இன்றைய பேட்டரி கார்களில் எஞ்சினே கிடையாது. ஆனாலும் திரவத்தால் குளிரும் பேட்டரி வேகமாக சார்ஜ் ஏறும்போது, நின்ற இடத்திலேயே விசிறி இரைந்து ஓடுகிறது.