மலையின் பிள்ளைகள் ஆசிரியராக வேண்டும்
(பங்கின் ஜூபிலி விழாவில் ஆற்றிய உரை)

 

ஆசிரியரை உருவாக்கும் பணி தமிழகத்தில் நெடுநாளையது. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் வரலாறு 1856-ல் தொடங்குகிறது. திருச்சபையும் பின்தங்கவில்லை. பாளையங்கோட்டையில் 1950-ல் தூய சவேரியார் கல்வியியல் கல்லூரியும், 1957-ல் பெண்களுக்கெனத் தூய இஞ்ஞாசியார் கல்லூரியும், சென்னையில் 1961-ல் ஸ்டெல்லா மாத்துதீனா கல்லூரியும் எழுந்தன.

தொடக்கப் பள்ளி ஆசிரியருக்காக, 1986-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையையொட்டி, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் பிறந்தன. நம் திருவண்ணாமலை மாவட்டத்து நிறுவனம் கீழ்பென்னாத்தூரில் உள்ளது. புதிய ஆசிரியரை உருவாக்குவது, பணியிலிருப்போரின் திறனை வளர்ப்பது என்பவை இத்தகைய நிறுவனங்களின் இரு நோக்கங்கள்.

இவற்றால் ஜவ்வாது மலைக்கு என்ன பயன்? எண்ணிப் பாருங்கள். காவலூர் வானாய்வகத்தில் 1986-ல் பெரிய தொலைநோக்கி திறக்கப்பட்டது. விண்மீனைக் காண அறிஞர்கள் மலையேறி வந்தார்கள். அந்த வானத்தின் கீழ் வாழும் பிள்ளைக்கு எழுத்தறிவிக்க, மலையிலேயே தங்கும் ஆசிரியர் வேண்டாமா?

நம் மலையாளி மக்கள் வீட்டில் பேசும் தமிழுக்குத் தனி நடை உண்டு. பாடநூல் தமிழ் பிள்ளைக்குப் பாதி புதிது. சாமையும் தேனும் புளியும் அறிந்த ஆசிரியர், அவற்றைக் கொண்டே கணக்குச் சொல்லித் தருவார். அந்த ஆசிரியர் மலையிலிருந்தே வந்தால், மாறுதல் கேட்டுக் கீழே இறங்கவும் அவசரப்படமாட்டார்.

ஆனால் வழி நீண்டுகொண்டே போகிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப்பின் ஈராண்டுப் பட்டயம் என்பது பழைய வழி. 2010-ல் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. 2020-ம் ஆண்டுக் கொள்கையோ, 2030-க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டமே குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்கிறது. தரம் உயர்வது நல்லதே. எனினும் கூடுதல் இரண்டாண்டு என்பது, கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இரண்டாண்டு விடுதிச் செலவு, இரண்டாண்டு வருமான இழப்பு. படிப்பு நின்றால், பெரும்பாலும் முதலில் நிற்பது பெண் பிள்ளையின் படிப்பே.

ஆகவே ஜூபிலியின் நினைவாக ஒன்று கேட்கிறேன். கோபுரத்துக்கு வண்ணம் பூசுங்கள், மகிழ்ச்சி. அத்துடன், ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியேனும் ஆசிரியராகிப் பட்டம் பெறும்வரை, அவள் செலவை இப்பங்கு ஏற்கட்டும். அவள் திரும்பி வந்து கரும்பலகை முன் நிற்கும் நாளில், இவ்விழா வீண்போகவில்லை என்று நம் பேரப்பிள்ளைகள் சொல்வார்கள்.