குற்றம் மோட்டார் மேல் இல்லை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"படித்த காலத்து அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள், அது மாணவர்களுக்கும் பயன்பட வேண்டும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது, 2009-இல் நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்த இரட்டை மோட்டார் மாதிரி விமானம்தான். அது பறந்ததைவிட விழுந்ததுதான் பலருக்கு நினைவிருக்கும்! ஏன் விழுந்தது என்பதை இன்றுவரை நாங்கள் பொதுவில் சொன்னதில்லை. இன்று சொல்லப் போகிறேன்.

தெர்மோகோலும் பால்சா மரமும் வைத்துக் கட்டினோம். இறக்கை 1.6 மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம், பரப்பு 0.32 சதுர மீட்டர். பேட்டரியோடு எடை 1.6 கிலோ. விமானம் கட்டி முடிப்பதற்கு முன்னாலேயே மோட்டாரை வாங்கிட்டோம். அதுதான் முதல் தப்பு.

கடையில் மோட்டார் மேல் "கே.வி." என்று ஒரு எண் போட்டிருக்கும். எலக்ட்ரிகல் மாணவர்கள் சிரிக்காதீர்கள், அது கிலோ வோல்ட் இல்லை! சுமை ஏதும் இல்லாமல், ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பதே அந்த எண். 1000, 1400 என்று இரண்டு இருந்தது. "பெரிய நம்பர்னா பெரிய பவர்டா" என்றான் ஒருவன். நாங்களும் தலையாட்டி, 1400-இல் இரண்டு வாங்கிட்டு வந்தோம்.

உண்மையில் அந்த எண் பவரைச் சொல்வதே இல்லை. அது சைக்கிள் கியர் மாதிரி. கே.வி. கூடினால் வேகம் கூடும். ஆனால் ஓர் ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை அதே விகிதத்தில் குறையும். பவரை முடிவு செய்வது ப்ரொப்பெல்லர்தான். அது எவ்வளவு கேட்கிறதோ, அவ்வளவையும் மோட்டார் பேட்டரியிலிருந்து இழுத்துக் கொடுக்கும், தான் கருகிப் போகும் வரை!

ப்ரொப்பெல்லரின் பசி எப்படிப்பட்டது தெரியுமா? சுற்று வேகத்தை இரு மடங்காக்கினால் உந்துவிசை நாலு மடங்கு. ஆனால் அதற்குத் தேவைப்படும் பவர் எட்டு மடங்கு. பிட்சை மாற்றாமல் விட்டத்தை மட்டும் 8 அங்குலத்திலிருந்து 10 ஆக்கினால், அதே வேகத்தில் சுற்ற ஏறக்குறைய இரண்டரை மடங்கு பவர் வேண்டும். இந்த இரண்டு கணக்கும் எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தோம். கடைக்குப் போகும்போது மட்டும் மறந்துட்டோம்.

சரி, முறையாக எப்படித் தேர்ந்தெடுப்பது? எடையிலிருந்து தொடங்க வேண்டும். சாகசம் இல்லாமல் நிதானமாகப் பறக்கும் மாதிரிக்கு, கிலோவுக்கு 110 முதல் 150 வாட் வரை போதும். குட்டிக்கரணம் போட வேண்டுமானால் 220-க்கு மேல் வேண்டும். எங்கள் 1.6 கிலோ விமானத்துக்குச் சுமார் 200 வாட். ஒரு மோட்டாருக்கு 100 வாட். மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 11.1 வோல்ட் என்றால், மோட்டாருக்கு 9 ஆம்பியர், இரண்டுக்கும் 18 ஆம்பியர்.

அடுத்தது ப்ரொப்பெல்லர். விட்டத்தை விமானமே சொல்லிவிடும். மோட்டாரின் மையத்திலிருந்து உடற்பகுதியின் பக்கச் சுவர் வரை எங்களுக்கு 13 சென்டிமீட்டர் இருந்தது. 10 அங்குலம் போட்டால் நுனி உரசும் அளவுக்கு வந்துவிடும். 8 அங்குலம் போட்டால் தாராளமாக 3 சென்டிமீட்டர் மிச்சம். தரைக்கும் நுனிக்கும் உள்ள இடைவெளியையும் இப்படியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிட்சைச் சொல்வது பறக்கும் வேகம். எங்கள் விமானம் மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே போனால் காற்றில் நிற்காது. பிட்சையும் சுற்று வேகத்தையும் பெருக்கி வரும் வேகம் இதைப்போல இரண்டரை மடங்காவது இருப்பது நல்லது; அதாவது 78 கிலோமீட்டர். 6 அங்குல பிட்ச் நிமிடத்துக்கு 9000 சுற்று சுற்றினால் 82 வருகிறது. சரியாகப் போச்சு! 4 அங்குல பிட்ச் என்றால் 55 தான். மைதானத்தில் கட்டி வைத்து இழுத்தால் நன்றாக இழுக்கும், மேலே போனதும் மூச்சு வாங்கும்.

மோட்டார் வருவது கடைசியில்தான். 9000 சுற்றை 11.1 வோல்ட்டால் வகுத்தால் 811. சுமையோடு சுற்றும்போது முழு வேகத்தில் முக்கால் பங்கோ கொஞ்சம் கூடவோதான் கிடைக்கும் என்பதால், அதை 0.78-ஆல் வகுக்க வேண்டும். 1040 வரும். ஆக, கடையில் நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்த 1000 தான் எங்களுக்கு உரிய மோட்டார்!

இந்தக் கணக்கையெல்லாம் போடாமல், 1400 மோட்டாரில் 8-க்கு 6 ப்ரொப்பெல்லரை மாட்டி ஒரு சனிக்கிழமை மாலை மைதானத்துக்குப் போனோம். விமானம் சீறிக்கொண்டு ஏறியது. ஹாஸ்டலே கைதட்டியது. மூன்றாவது நிமிடம் இறங்க வந்தோம். கொஞ்சம் உயரம் அதிகம் என்று மறுபடி சுற்றி வரலாமென முழு வேகம் கொடுத்தோம். இடது மோட்டார் நின்றது. வலது மோட்டார் முழு பலத்தோடு இழுக்க, விமானம் இடப்பக்கம் திரும்பி, கவிழ்ந்து, தலைகீழாக வந்து விழுந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த மெஸ் அண்ணன் நின்ற இடத்துக்குப் பத்து அடி தள்ளி. அவர் முகம் வெளுத்துவிட்டது. "மோட்டார் போயிடுச்சுண்ணே" என்றோம். ரிப்போர்ட்டிலும் "மோட்டார் பழுது காரணமாக விபத்து" என்று எழுதிக் கொடுத்துவிட்டோம்.

ஒரு வாரம் கழித்து எலக்ட்ரிகல் லேபில் அந்த மோட்டாரைக் கொண்டுபோய் வைத்தோம். ஸ்விட்ச் போட்டதும் அழகாகச் சுற்றியது. லேப் உதவியாளர் கேட்டார்: "போச்சுன்னு சொன்னீங்களே தம்பி, இப்ப எப்படிச் சுத்துது?" எங்களிடம் பதில் இல்லை.

இரண்டு மோட்டாரையும் மேஜையில் இறுக்கிக் கட்டி, புது ப்ரொப்பெல்லர் மாட்டி, அளந்து பார்த்தோம். 9 ஆம்பியர் எடுக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றும் 17 ஆம்பியர் எடுத்தது, மொத்தம் 34. எங்கள் 2200 மில்லி ஆம்பியர் பேட்டரி 44 ஆம்பியர் தாங்கும் என்று மேலே எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் அது இரண்டு வருஷம் பழசு. சுமை ஏறியதும் வோல்ட்டேஜ் சரிந்தது. பேட்டரியைக் காப்பாற்ற ஸ்பீட் கண்ட்ரோலரில் ஓர் ஏற்பாடு உண்டு. வோல்ட்டேஜ் குறைந்தால் மோட்டாரை அணைத்துவிடும். எங்கள் இரண்டு கண்ட்ரோலரும் வெவ்வேறு ஆளிடம் இரவல் வாங்கியவை. இடதுபக்கத்தது பட்டென்று அணைப்பது. வலதுபக்கத்தது மெள்ளக் குறைப்பது. விடை கிடைத்துவிட்டது. மோட்டாரில் குற்றமே இல்லை, எங்கள் தேர்வில்தான் குற்றம்.

பிறகு 1000 மோட்டார் வாங்கி அதே ப்ரொப்பெல்லரைப் போட்டோம். உந்துவிசை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மின்சாரம் ஏறக்குறைய பாதியானது. ஒவ்வொன்றும் அரை கிலோ இழுத்தது, அதுவே தாராளம். இரண்டாவது விமானம் ஐந்து நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கியது.

மாணவர்களுக்குச் சில குறிப்புகள். இரண்டு ஸ்பீட் கண்ட்ரோலரும் ஒரே வகையாக, ஒரே அமைப்பில் இருக்கட்டும்; இரண்டும் மெள்ளக் குறைப்பதாகவே இருக்கட்டும். ரிசீவருக்கு இரண்டிலிருந்தும் மின்சாரம் போகாமல் ஒன்றின் சிவப்பு ஒயரைக் கழற்றிவிடுங்கள். எதிரெதிர் திசையில் சுற்ற வேண்டுமானால் ஒரு மோட்டாரின் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் போதும். ஆனால் அந்தப் பக்கத்துக்கு எதிர்த்திசை ப்ரொப்பெல்லர் வாங்க வேண்டும். பேட்டரி தீரும் வரை பறக்காமல் கடிகாரத்தைப் பார்த்து இறங்குங்கள். ஒரு மோட்டார் நின்றால் முதல் வேலை, மற்றதையும் குறைப்பது! நேராக இறங்கினால் மாதிரிக்குக் கொஞ்சம் அடிபடும், மனிதருக்கு அடிபடாது.

ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று பறந்த விமானத்திலும் இரண்டு ப்ரொப்பெல்லர்கள் உண்டு. எட்டரை அடி விட்டம். ஒரே எஞ்சின், சுமார் 12 குதிரைத்திறன். ஒரு பக்கச் சங்கிலியைக் குறுக்காகப் போட்டு எதிர்த்திசையில் சுற்ற வைத்தார்கள். முதல் பறப்பு 12 வினாடி, 120 அடி. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1901-இல், காற்றுச் சுரங்கம் கட்டி இறக்கைகளை அளந்து பார்த்துவிட்டார்கள். சைக்கிள் கடை வைத்திருந்த அந்த இருவரும் முதலில் அளந்தார்கள், பிறகு செய்தார்கள். பொறியியல் படித்த நாங்கள் முதலில் வாங்கினோம், பிறகு அளந்தோம்.

கடைசியாக ஒன்று. உண்மை தெரிந்த பிறகும் அந்த ரிப்போர்ட்டை நாங்கள் திருத்தவில்லை. மதிப்பெண் வந்துவிட்டது, விட்டுவிட்டோம். அது இன்னும் நம் துறை நூலகத்தில் இருக்கிறது. அதைப் படித்து, அந்த மோட்டார் மட்டம் என்று நம்பிய ஜூனியர்களும் இருந்திருப்பார்கள். என் மூன்று நண்பர்களும் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு பேரும் கையெழுத்திட்ட ஒரு திருத்தச் சீட்டைக் கொண்டு வந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் அதை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுவதற்குத் துறைத்தலைவர் அனுமதி தந்திருக்கிறார்.