பாறை தந்ததும் பயிர் பெறுவதும்



புணே நகரின் கிழக்கே ஹடப்சரை ஒட்டியுள்ள மகர்பட்டா இன்று ஒரு நகரியம். 1990-களில் அவ்வூர் உழவர் குடும்பங்கள் தத்தம் நிலங்களை ஒன்றுசேர்த்து, தாமே பங்குதாரர்களாகி அதனை உருவாக்க முற்பட்டன. அதற்கு முன் அங்கே கரும்பு விளைந்தது. கரும்பைத் தாங்கியது கரிசல் மண்; அக்கரிசலைத் தந்தது பசால்ட் என்னும் எரிமலைப் பாறை.

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருகிய எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உண்டானதே தக்காணத்தின் இப்பாறைப் பரப்பு. இதில் சுண்ணாம்புச் சத்தும், மக்னீசியமும், இரும்பும் மிகுதி. பாறை சிதைந்து உண்டாகும் களிமண் நீரையும் சாம்பல் சத்தையும் நன்கு பற்றிக்கொள்ளும்.

ஆயினும், இரும்பு மிகுந்த பாறையில் பிறந்த இம்மண்ணிலேயே, இரும்புச் சத்துக் குறைவால் கரும்பின் இளந்தோகை வெளிறுவதுண்டு. காரணம் யாது? சுண்ணாம்பு மிகுந்து மண் காரத்தன்மை அடையும்போது இரும்பும் துத்தநாகமும் கரையாத வடிவம் பெறுகின்றன. மணிச்சத்தும் சுண்ணாம்புடன் பிணைந்துவிடுகிறது. குதிர் நிறைய நெல் இருந்தும் உலைக்கு அரிசி இல்லாத நிலை இது. தழைச்சத்தோ பெரும்பாலும் பாறை தருவதன்று. மட்கும் அங்ககப் பொருளிலிருந்தே வருவது. வெப்ப மிகுதியால் அப்பொருள் விரைவில் அழிவதால், கரிசலில் அதுவும் குறைவே.

தமிழகத்தில் நிலை வேறு. கிரானைட், நைஸ் பாறைகளில் தோன்றிய செம்மண்ணில் சுண்ணாம்பு குறைவு. சத்துகளைப் பற்றி வைக்கும் ஆற்றலும் குறைவு. நீலகிரியின் புளிப்பு மண்ணில் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிணைத்துக்கொள்கின்றன. அங்கே சுண்ணாம்பு இடுதல் பயன் தரும். தக்காணக் கரிசலிலோ தொழுவுரத்துடன் துத்தநாக சல்பேட், இரும்பு சல்பேட் இடுவதே ஏற்றது.

ஆகவே, எல்லா நிலத்துக்கும் ஒரே உரப் பரிந்துரை பொருந்தாது. 2010-இல் சத்து அடிப்படையிலான மானியம் நடைமுறைக்கு வந்தபோது யூரியா அதில் சேர்க்கப்படவில்லை. அதன் விலை மலிவாகவே நீடித்தது. விலை நோக்கி யூரியாவை மட்டும் அள்ளி இடும்போது, உழவரின் பணமும் அரசின் மானியமும் ஒருங்கே வீணாகின்றன. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 கூறுகளை ஆய்ந்து கூறுகிறது. அவ்வட்டை பெட்டியில் உறங்காமல், உரம் வாங்கும் வேளையில் உழவரின் கையில் இருத்தல் வேண்டும்.

நகரங்கள் விரிவதால் விளைநிலம் சுருங்குகிறது. எஞ்சிய நிலத்தின் இயல்பை அறிந்து உரமிடுவதே, குறைந்த செலவில் நிறைந்த விளைச்சலுக்கு வழியாகும்.