கீழைக் கரையில் அலையும் கூடாரமும்

வைகாசி பிறந்ததும் வெள்ளவத்தைக் கடல் முகம் மாறிவிடும். புகையிரதப் பாதையை ஒட்டிய கருங்கற்களில் அலைகள் மோதிச் சிதறும். உப்பு கலந்த நீர்த்திவலை காற்றோடு வந்து கரையோர வீடுகளின் சன்னற் கம்பிகளிற் படியும். கொட்டாஞ்சேனைப் பக்கத்திலோ துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரின்மேல் வெண்ணுரை எழுந்து எழுந்து விழும். கொழும்பில் வாழும் குடும்பங்கள் பலவும் இக்காலத்தைக் கடலில் இறங்கலாகாத காலம் என்றே தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கின்றன. அது முற்றிலும் சரியான அறிவுரையே.

ஆயினும் அதே மாதங்களில், தீவின் மறுகரையில், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 320 கிலோமீற்றர் தொலைவில் உள்ள அறுகம்குடாவில், உலகின் பல நாடுகளிலிருந்து வந்த இளைஞர் பலகைகளைக் கையிலேந்திக் கடலில் இறங்குகின்றனர். ஒரே காற்று, ஒரே கடல். ஆனால் இரு கரைகளில் இரு வேறு குணம். இந்த வேறுபாட்டின் காரணத்தை அறிந்துகொண்டால், கீழைக் கரைப் பயணத்தைத் திட்டமிடும் வேலையிற் பாதி முடிந்துவிடும்.

நம்மவர் சோளகம் என வழங்கும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குக் கரையிலே கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுகின்றது. ஆகவே அங்கே அலைகள் ஒன்றன்மேலொன்றாகக் குழம்பிக் கரையிற் குவிகின்றன. அக்காற்றே மலைநாட்டைக் கடந்து, மழையை அங்கேயே பொழிந்துவிட்டு, வெப்பமும் வறட்சியும் கொண்டு கிழக்கே இறங்குகின்றது. மட்டக்களப்புப் பகுதி மக்கள் இதனைக் கச்சான் காற்று என்பர். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் இக்காற்று, கரைக்கு வரும் அலையின் முகத்தை எதிர்நின்று தாங்கி, அது உடனே சரிந்துவிடாமல் நிமிர்ந்து நிற்கச் செய்கின்றது.

அலைகளோ அருகிற் பிறந்தவை அல்ல. இந்து சமுத்திரத்தின் தென்கோடியில், பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் வீசும் பெரும்புயல்கள் எழுப்பும் நீரேற்றங்கள், பல நாட்கள் பயணம் செய்து ஒழுங்குபட்டு இத்தீவை அடைகின்றன. கிழக்குக் கரையில் கடலுக்குள் நீண்டிருக்கும் முனைகளை அவை வளைந்து சுற்றிக்கொண்டு வருகின்றன. நீரின் ஆழம் ஏறக்குறைய அலையின் உயரமளவுக்குக் குறைந்ததும் அலை உடைகின்றது. முனையை அடுத்த பகுதியில் ஆழம் முதலிற் குறைவதால் அலை அங்கே முதலில் உடைந்து, பின்னர் ஓர் ஓலைப்பாயைச் சுருட்டுவதுபோல ஓரத்திலிருந்து படிப்படியாக உடைந்து செல்கின்றது. உடையாத பகுதியின் சரிவிலே பலகையில் நின்று ஓடுவதுதான் அலைச்சறுக்கு. அறுகம்குடாவின் பெரும்பாலான அலைகள், அலைமேல் வருபவனுக்கு வலப்புறமாக ஓடுபவை.

இவ்விளையாட்டு பசிபிக் சமுத்திரத்து மக்களின் பழஞ்செல்வம். ஹவாய்த் தீவினர் அரசரும் குடிகளுமாக இதனை ஆடிவந்தனர். 1912 ஆம் ஆண்டிலும் 1920 ஆம் ஆண்டிலும் ஒலிம்பிக் நீச்சலிற் பொற்பதக்கம் வென்ற ஹவாய் வீரர் டியூக் கஹனமோக்கு, தாம் சென்ற நாடுகளிலெல்லாம் இதனைச் செய்துகாட்டினார். 2021 இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம்பெற்றது. எனினும் அலையின் போக்கைக் கணித்து அதன் முதுகிலேறிக் கரை சேரும் கலை தமிழ்க் கடலோர மக்களுக்குப் புதிதன்று. கட்டுமரத்தையும் தெப்பத்தையும் உடையும் அலையினூடே செலுத்தும் மீனவன், விளையாட்டுக்காக அல்லாமல் வயிற்றுக்காக, நாள்தோறும் அதையே செய்கின்றான்.

இனி, திட்டமிடும் முறைக்கு வருவோம். வெள்ளவத்தையில் இருவர், கொட்டாஞ்சேனையில் இருவர் என நான்கு நண்பர்கள் ஆறு நாட் பயணம் ஒன்றை எண்ணியிருப்பதாகக் கொள்ளலாம். மூவருக்கு நீந்தத் தெரியும்; ஒருவனுக்குத் தெரியாது. இந்த ஒரு செய்தியே மற்றெல்லா ஏற்பாடுகளையும் விட முக்கியமானது. எனினும் இளைஞர் கூட்டங்களிற் பெரும்பாலும் கடைசியாகப் பேசப்படுவதும் இதுவே.

முதலிற் காலம். கீழைக் கரையின் அலைப்பருவம் ஏப்பிரல் கடைசியில் அல்லது மே மாதத்தில் தொடங்கி ஒக்டோபர் வரை நீடிக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அலையும் ஓங்கியிருக்கும், கூட்டமும் மிகுந்திருக்கும். புதிதாகப் பயில்வோருக்குப் பருவத்தின் தொடக்கமும் முடிவுமே உகந்தவை. நவம்பருக்குப் பின்னர் வாடைக்காற்றும் மழையும் கிழக்கைக் கலக்கிவிடும். அப்போது அலைச்சறுக்கர் ஹிக்கடுவை, வெலிகமை, மிதிகமை முதலிய தென்மேற்குக் கரையூர்களுக்குப் பெயர்ந்துவிடுவர். மாதத்தைத் தவறாகத் தெரிந்தெடுத்தவனுக்கு எத்தனை நல்ல பலகையும் பயன்படாது.

அடுத்தது பாதை. ஹைலெவல் வீதி வழியாக அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை கடந்து, மலைச்சரிவில் வெல்லவாயவுக்கு இறங்கி, புத்தலை, மொனராகலை, சியம்பலாண்டுவ ஊடாகப் பொத்துவிலை அடைவது பழைய நெடுஞ்சாலை. வெல்லவாயவுக்கு முன்னே, 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும நீர்வீழ்ச்சி வீதியிலிருந்தே தெரியும். 2020 ஆம் ஆண்டிலே தெற்கு அதிவேகப் பாதை அம்பாந்தோட்டை வரை நீண்டபின், அவ்வழியாகச் சென்று வெல்லவாயவை அடைவோரும் உண்டு. எவ்வழியாயினும் ஒரு பகல் முழுவதையும் பயணத்துக்கென ஒதுக்குதல் வேண்டும். பொத்துவிலுக்கு முன்னே லகுகலைக் காடு இருக்கின்றது. அங்கேயுள்ள குளத்தின் புல்லை நாடி யானைகள் கூட்டங்கூட்டமாக வரும். ஆதலால் பொழுது சாயுமுன் அவ்விடத்தைக் கடந்துவிடும்படி கொழும்பிலிருந்து விடியற்காலையிற் புறப்படுவதே அறிவுடைமை. மலைப்பகுதியில் மழை மிகுந்திருந்தால், மண்சரிவுச் செய்திகளைக் கேட்டறிந்த பின்னரே வண்டியை எடுத்தல் வேண்டும்.

பொத்துவிலுக்குத் தெற்கே, களப்பின் பாலத்தைக் கடந்தால் உல்லை. அதுவே அறுகம்குடாவின் கரையூர். அதன் பெருமுனையில் எழும் அலை புகழ்பெற்றது. ஆனால் அடியிலே பாறை உண்டு. பயில்வோர் அங்கே முந்திச் செல்லுதல் தகாது. வடக்கே விஸ்கி முனை, பொத்துவில் முனை ஆகியனவும், தெற்கே யானைப் பாறையும், 'பீனட் ஃபாம்' எனப் பிற நாட்டவர் பெயரிட்ட இடமும் உள்ளன. பெயரைத் தமிழாக்கினாற் கச்சான் தோட்டம். அங்கு வீசுவதும் கச்சான் காற்றே. மணற்பாங்கான கரையும் மென்மையான அலையும் உள்ள இடத்திலேயே முதற்பாடம் தொடங்கவேண்டும். பலகைகளைக் கொழும்பிலிருந்து சுமந்து செல்லத் தேவையில்லை. உல்லையில் வாடகைக்குக் கிடைக்கும். பயிற்றுவோரும் அங்கு உளர். பயில்பவன் கடினப் பலகையை விடுத்து, மெத்தென்ற நீண்ட பலகையையே கேட்டுப் பெறல் வேண்டும்.

உல்லைக்குத் தெற்கே பாணமை. சிங்களவரும் தமிழரும் கலந்து வாழ்ந்து, கண்ணகியைப் பத்தினித் தெய்வமாகப் போற்றும் பழைய ஊர் அது. அதற்கு அப்பாற் கடைகள் அருகிப்போகும், காடு நெருங்கிவரும். ஆகவே எரிபொருள், குடிநீர், அரிசி, மருந்து ஆகியவற்றைப் பொத்துவிலிலேயே நிறைத்துக்கொள்ளுதல் வேண்டும். கடற்கரையோரமாகச் சென்றால் உகந்தை வரும். குன்றின் அடியில் முருகன் கோயில்; அருகே கடற்கரை; பருவகாலத்தில் அங்கு மீனவர் வாடியமைத்துத் தொழில் செய்வர். அலைச்சறுக்கர் நாடும் முனைகளில் உகந்தையும் ஒன்று.

உகந்தையிலேதான் கூமுனைத் தேசிய வனத்தின் வாயிலும் உள்ளது. 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும், 1970 இல் யால கிழக்குத் தேசிய வனமாகவும் அறிவிக்கப்பட்ட இப்பகுதி, போரின் காரணமாக 1985 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்தது. 2006 இல் இப்போதைய பெயரைப் பெற்றது. வனத்தின் உள்ளே நினைத்த இடத்திற் கூடாரம் அடிக்க முடியாது. வனசீவராசிகள் திணைக்களம் குறித்த இடங்களில், முன்கூட்டியே அனுமதி பெற்று, வழிகாட்டி ஒருவருடன் மட்டுமே தங்கலாம். இந்த அனுமதி, புறப்படும் நாளுக்கு வெகு முன்னரே கொழும்பில் முடிக்கவேண்டிய வேலை.

வனத்துக்கு வெளியேயும் காவல் தளரலாகாது. கரையிற் கூடாரம் அமைப்போர் ஊராரையும் மீனவரையும் கேட்டே இடம் தெரிதல் வேண்டும். யானை நடக்கும் தடத்தையும், முதலை வாழும் களப்பின் ஓரத்தையும் அவர்களே அறிவர். பழமும் உப்பும் யானையை இழுக்கும். ஆதலின் உணவைக் கூடாரத்தினுள் வைத்துக்கொண்டு உறங்குதல் ஆபத்து. கச்சான் வீசும் வறண்ட மாதங்களில் ஒரு தீப்பொறி புல்வெளி முழுவதையும் எரித்துவிடும். மணலிலே குழி தோண்டி அடுப்பு மூட்டி, உறங்குமுன் நீரூற்றி அணைத்தல் வேண்டும்.

இக்கரையில் வழிநடந்து, சமைத்து உண்டு, மரத்தடியில் உறங்கிச் செல்லும் வழக்கம் அலைச்சறுக்கர் கொண்டுவந்ததன்று. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை கால்நடையாகச் செல்லும் அடியார்கள், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் ஊடாக உகந்தையை அடைந்து, அங்கிருந்து காட்டுப்பாதையிற் கூமுனை, கும்புக்கன் ஆறு, யால வழியே பல நாள் நடந்து கதிர்காமம் சேர்கின்றனர். அவர்களுடைய முறையில் மூன்று பாடங்கள் உண்டு: சுமை குறைவு, தனியே செல்லாமை, தண்ணீர் இருக்கும் இடத்தை முன்னரே அறிதல். கதிர்காம விழாவை ஒட்டி அடியார் உகந்தையிற் கூடும் நாட்களும் அலைப்பருவத்தின் உச்சமும் பெரும்பாலும் ஒரே காலத்தில் வருகின்றன. அந்நாட்களிற் கோயிற் சூழலில் ஆடையிலும் ஓசையிலும் அடக்கம் வேண்டும். உல்லையும் பொத்துவிலும் முஸ்லிம் மக்கள் நிறைந்த ஊர்கள் என்பதையும் மறத்தலாகாது. கடலுக்கு அணிந்த உடையோடு ஊர்த்தெருவில் உலாவுவது விருந்தினனுக்கு அழகன்று. வழிபாட்டுக்கு வந்தவராயினும் விளையாட வந்தவராயினும், கொண்டுவந்த பிளாஸ்ரிக் போத்தலைக் கொண்டுபோகாவிடின் காட்டுக்குச் செய்யும் தீங்கு ஒன்றே.

இக்கரை தாங்கிய துயரங்களும் சிறியவை அல்ல. போர் நீண்ட ஆண்டுகளின் பின், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி எழுந்த கடற்பேரலை அறுகம்குடாவின் உயிர்களையும் வீடுகளையும் வாரிச் சென்றது. அதிலிருந்து எழுந்து நின்ற மக்களே இன்று வருவோருக்கு உணவும் உறைவிடமும் தருகின்றனர். 2018 இல் அவ்வூர்ப் பெண்கள் தமக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகத்தையும் தொடங்கினர். வீட்டார் தயங்கிய இடத்திலே, தம் கரையின் அலையில் தமக்கும் உரிமை உண்டென்று நின்றவர்கள் அவர்கள்.

இறுதியாக, கடலின் சட்டங்கள். விடியற்காலையே கடலுக்கேற்ற பொழுது. அப்போது காற்றும் வெயிலும் தணிந்திருக்கும். காலையும் பலகையையும் பிணைக்கும் கயிறு இன்றி எவரும் இறங்கலாகாது. அலை உடையும் இடத்துக்கு அண்மையில் இருப்பவனுக்கே அவ்வலை உரியது; மற்றவர் அதில் ஏறலாகாது. கரையிலிருந்து உட்கடலுக்கு இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டவன், கரையை நோக்கி நேரே போராடினாற் களைத்துப் போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தைவிட்டு விலகிய பின்னரே கரைக்குத் திரும்பவேண்டும். நிலம் அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினாலோ, பலகையையும் பொருளையும் விட்டு உடனே மேட்டுநிலம் நோக்கி ஓடவேண்டும்.

நீந்தத் தெரியாத அந்த நான்காமவன் என்ன செய்வது? பலகை மிதக்கும், ஆகவே அஞ்சவேண்டாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். பலகை மிதக்கும் என்பது உண்மை. கயிறு அறுந்தால் அவன் மிதப்பான் என்பதற்கு உறுதி எங்கே? பயணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னரே கொழும்பில் நீச்சற் குளமொன்றில் அவன் பயிலவேண்டும். அதற்குக் காலம் இல்லையாயின், அவன் கரையில் நிற்கவேண்டும். கரையில் நிற்பது இழிவன்று. மூவரையும் எண்ணிக்கொண்டிருப்பவனும், எவரேனும் கையுயர்த்தினால் உதவிக்கு ஆளழைப்பவனும், வண்டியின் திறப்பையும் பொத்துவில் வைத்தியசாலைக்கான வழியையும் அறிந்திருப்பவனும் அவனே. அனுபவமுள்ள மீனவர் கடலுக்குப் போகும்போதும் கரையில் ஒருவர் கண் வைத்திருப்பது வழக்கம்.

பிள்ளைகள் இத்தகைய பயணத்துக்கு அனுமதி கேட்கும்போது பெற்றோர் மறுப்பது கடலுக்கு அஞ்சி மாத்திரம் அன்று. திட்டமின்மைக்கு அஞ்சியே ஆகும். மாதம், பாதை, தங்குமிடம், அனுமதி, கரைக்காவல், திரும்பும் நாள் ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதி வீட்டிலே கொடுத்துவிட்டுப் புறப்படும் இளைஞனைத் தடுக்கப் பெரும்பாலான பெற்றோருக்கு மனம் வராது. அத்தாளில் ஏழாவதாக ஒரு வரியும் இருத்தல் நன்று: கடல் தகாதெனக் கண்டால் இறங்காமலே திரும்புவோம் என்பது. முன்னூறு கிலோமீற்றர் சென்றபின் அவ்வரியைக் காப்பாற்றுவது எளிதன்று. அதனைக் காப்பாற்றக் கூடியவர்களையே துணையாகத் தேர்ந்துகொண்டு புறப்படுதல் வேண்டும்.