கோள்களைப் படம்பிடிக்கும் கமரா

தொலைநோக்கி வழியே கோள்களைப் படம்பிடிக்க விழைவோர் பெரிய கமராவையே முதலில் நாடுவர். ஆனால் வியாழன் புவிக்கு மிக அண்மையில் வருங்காலத்தும், அதன் தோற்றம் முழுமதியின் விட்டத்தில் ஏறத்தாழ 36இல் ஒரு பங்கேயாம். அச்சிறு வட்டுக்கு அகன்ற ஒளியுணர் பரப்பு எதற்கு?

உண்மையான இடையூறு காற்றேயாகும். அடுப்பின் மேலெழும் வெப்பக் காற்றினூடே சுவர் நெளிவதுபோலக் கோளின் உருவும் நெளிகின்றது; இடையிடையே கணப்பொழுது தெளிகின்றது. நொடிக்கு நூறு படங்களேனும் எடுக்கவல்ல சிறு கமராவே அத்தெளிவைப் பற்றவல்லது. கணினி நல்லனவற்றைத் தெரிந்து ஒன்றன்மேலொன்றாய் அடுக்கும். பொறுமையாய் நெடுநேரம் எடுக்கலாமேயென்றால், வியாழன் பத்து மணிக்குள் தன்னைத்தானே சுற்றிவிடுகின்றது. சில நிமிடம் கடந்தால் உருவம் மங்கும். கறுப்பு வெள்ளைக் கமரா நுண்மை மிக்கதெனினும், வண்ணக் கண்ணாடிகளை மாற்றும் தொல்லையுடையது. தொடங்குவோர்க்கு வண்ணக் கமராவே போதும்.

அவுஸ்திரேலியரான அந்தோனி வெஸ்லி தொழில்முறை வானியலாளர் அல்லர். 2009 யூலை 19ஆந் திகதி, தம் வீட்டுத் தொலைநோக்கியில் இவ்வகைக் கமராவைப் பொருத்தி வியாழனைப் படம்பிடிக்கையில், தென்முனையருகே புதியதொரு கரும்புள்ளியைக் கண்டார். உடனே பிறர்க்கு அறிவித்தார். ஹவாய்த் தீவிலுள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி, விண்பொருளொன்று மோதிய வடுவே அஃதென உறுதிசெய்தது.